பெயர் தெரியாத மரம்: ஜப்பானிய விளம்பரப் பாட்டுகள் சொல்லும் பாடம்



உங்கள் வகுப்பில் ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள். போன வாரம் நடத்திய செய்யுளைப் பார்க்காமல் சொல்லச் சொல்லுங்கள். பாதிப் பேர் திணறுவார்கள். அதே பிள்ளைகளிடம் தொலைக்காட்சியில் வரும் ஒரு விளம்பரப் பாட்டைக் கேளுங்கள். ராகத்தோடு, கையசைவோடு வந்துவிடும்! நாம் யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, தேர்வும் வைக்கவில்லை. அப்புறம் எப்படி? இதற்கு விடை தேடிப் போனால் ஜப்பானின் விளம்பரப் பாட்டு வரலாறு நமக்கு நிறையவே சொல்லித் தருகிறது.

மங்கலான படங்களில் தொடங்கிய கதை

1951 வரை ஜப்பானியர்களுக்கு வானொலி என்றால் என்.எச்.கே. மட்டும்தான். அதில் விளம்பரம் கிடையாது. அந்த ஆண்டு செப்டம்பர் 1ஆம் தேதி நகோயாவிலும் ஒசாகாவிலும் முதல் தனியார் நிலையங்கள் ஒலிபரப்பைத் தொடங்கின. அதே மாதத்தில் ஒரு புதுப்பாட்டு காற்றில் வந்தது. பொழுதுபோக்காகப் படம் பிடிக்கும் ஒருவனைப் பற்றிய வேடிக்கைப் பாட்டு அது. சகுரா படச்சுருளைத் தயாரித்த கொனிஷிரோக்கு நிறுவனத்துக்காக மிக்கி தொரிரோ உருவாக்கியது. பிற்காலத்தில் கொனிகா என்று நாம் அறிந்த நிறுவனம்தான் இது. ஜப்பானின் முதல் விளம்பரப் பாட்டு என்று இதைத்தான் சொல்கிறார்கள்.

இதில் சுவையான விஷயம் என்ன தெரியுமா? பாட்டில் பொருளின் பெயரும் இல்லை, நிறுவனத்தின் பெயரும் இல்லை. அதுமட்டுமா? பாட்டில் வருபவன் எடுக்கும் படமெல்லாம் மங்கலாகப் போய்விடுகிறது! படச்சுருள் விற்பவர் காசு கொடுத்துப் போட்ட பாட்டில் படம் சரியாக வரவில்லை என்று பாடுகிறார்கள். கேட்டவர்கள் சிரித்தார்கள், முணுமுணுத்தார்கள், மறக்கவில்லை.

எண்ணே சொல்லாகும் விளையாட்டு

1953 ஆகஸ்ட் 28ஆம் தேதி நிப்பான் டிவி தொடங்கியது. ஜப்பானின் முதல் தொலைக்காட்சி விளம்பரமும் அன்றுதான், செய்கோஷா கடிகாரத்துக்காக வந்தது. அதன்பின் பாட்டுகள் பெருகின. ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வோம். மொழி ஆசிரியர்களுக்கு அது மிகவும் பிடிக்கும்.

இசு தீபகற்பத்தில் இத்தோ என்ற வெந்நீரூற்று நகரம் இருக்கிறது. அங்குள்ள ஹத்தோயா விடுதிக்கு 1961இல் ஒரு பாட்டு எழுதினார்கள். விடுதியின் தொலைபேசி எண் 4126. ஜப்பானிய மொழியில் ஒவ்வோர் எண்ணையும் பல விதமாக ஒலிக்கலாம். 4 'யோ', 1 'இ', 2 'ஃபு', 6 'ரோ'. சேர்த்துப் படித்தால் 'யோய் ஃபுரோ', அதாவது நல்ல குளியல்! வெந்நீரூற்று விடுதிக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? இப்படி எண்ணைச் சொல்லாக்குவதை அவர்கள் 'கோரோஅவாசே' என்கிறார்கள். பள்ளிப் பிள்ளைகள் வரலாற்று ஆண்டுகளை மனப்பாடம் செய்வதும் இதே முறையில்தான்.

இந்தப் பாட்டுக்கு இசை இசுமி தாக்கு. வரிகள் நொசாகா அகியுகி. நொசாகா மிக்கி தொரிரோவின் அலுவலகத்தில் வேலை பார்த்தவர். போரின் முடிவில் தன் குட்டித் தங்கையைப் பசிக்குப் பறிகொடுத்தவர். அந்தத் துயரத்தை 1967இல் 'மின்மினிகளின் கல்லறை' என்ற கதையாக எழுதி நவோகி பரிசு பெற்றார். அது பிறகு அசைவூட்டப் படமாக வந்து உலகையே அழ வைத்தது. குளியல் பாட்டை எழுதிய கையும் அதே கைதான். 'விளம்பரம்தானே' என்று நல்ல எழுத்தாளர்கள் அங்கே ஒதுங்கி நிற்கவில்லை. அதனால்தான் அந்தப் பாட்டுகளில் மொழி உயிரோடு இருந்தது.

நம் வாசலில் நிற்கும் மரம்

1973இல் ஹித்தாச்சி நிறுவனத்துக்காக ஒரு பாட்டு வந்தது. வரிகள் இத்தோ அகிரா, இசை கொபாயாஷி அசேய். இதிலும் பொருள் எதுவும் இல்லை. 'இது என்ன மரம்?' என்று வியக்கும் பாட்டு, அவ்வளவுதான். ஆனால் உள்ளே ஒரு சிலேடை ஒளிந்திருக்கிறது. ஜப்பானிய மொழியில் 'கி' என்றால் மரம், 'கி' என்றால் மனமும்தான். மனத்தில் நிற்கும் மரம் என்று இரண்டும் ஒன்றாகப் பின்னிக்கொள்கின்றன. நாம் இலக்கண வகுப்பில் சிலேடை அணியைப் பாடுபட்டு விளக்குகிறோம். அங்கே சின்னக் குழந்தைகள் தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்தே அதை ரசித்திருக்கிறார்கள்.

இந்த விளம்பரத்தில் புகழ்பெற்ற மரம் ஹவாயின் ஒவாஹு தீவில், மொவனலுவா தோட்டத்தில் நிற்கிறது. ஜப்பானியச் சுற்றுப்பயணிகள் அதைப் பார்க்கவென்றே போகிறார்கள். அது என்ன மரம் என்கிறீர்களா? சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் சாலை ஓரமெல்லாம் குடை விரித்து நிற்கும் நம்ம தூங்குமூஞ்சி மரம்தான்! மாலையில் இலை மூடுவதால் மலாய்க்காரர்கள் 'புகுல் லீமா', ஐந்து மணி, என்று அழைக்கும் அதே மரம்.

கொபாயாஷியும் இத்தோவும் 2021 மே மாதத்தில், இரண்டு வார இடைவெளியில், அடுத்தடுத்து மறைந்தார்கள்.

பாட்டு தள்ளிவிடும் பக்கம்

1980களில் நிலைமை மாறியது. தனியாக விளம்பரப் பாட்டு எழுதுவதைவிட, பிரபலப் பாடகரின் பாட்டையே விளம்பரத்தில் சேர்ப்பது வழக்கமாயிற்று. யமாஷிதா தாட்சுரோவின் 'கிறிஸ்துமஸ் ஈவ்' 1983இல் வெளிவந்தது. ஜே.ஆர். தோக்காய் அதிவேக ரயில் விளம்பரத்தில் சேர்ந்த பிறகு, 1989 டிசம்பரில் விற்பனைப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. ஆறு ஆண்டு கழித்து!

அதே 1989இல் இன்னொரு பாட்டும் ஊரெங்கும் ஒலித்தது. ரீகெயின் என்ற ஊக்க பானத்துக்கானது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு உலகம் முழுக்க ஓடும் அலுவலக ஊழியரைப் பார்த்து, ஒரு நாளின் 24 மணி நேரமும் போராடத் தெம்பு இருக்கிறதா என்று கேட்கும் துள்ளல் பாட்டு. எல்லாரும் சிரித்துக்கொண்டே பாடினார்கள். ஆனால் அதற்கு முந்தைய ஆண்டு, 1988இல்தான், அதிக வேலையால் இறந்தவர்களின் குடும்பங்களுக்காக வழக்கறிஞர்கள் ஆலோசனைத் தொலைபேசி ஒன்றைத் தொடங்கியிருந்தார்கள். அந்தச் சாவுக்கு ஜப்பானிய மொழியில் 'கரோஷி' என்று தனிச் சொல்லே உண்டு. அதைத் தடுக்கும் சட்டம் 2014இல்தான் வந்தது.

பாட்டு அந்தச் சாவுகளுக்குக் காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. ஓயாத உழைப்பு பெருமை என்று ஒரு காலம் நம்பியது. பாட்டு அந்த நம்பிக்கைக்கு மெட்டு போட்டுக் கொடுத்தது. மெட்டோடு வருவதை நாம் எளிதில் கேள்வி கேட்பதில்லை. நாம் கவனிக்க வேண்டிய இடம் இதுதான்.

வகுப்பறைக்கு

மாணவர்களைக் குழுவாகப் பிரித்து, 15 விநாடிக்கு ஒரு தமிழ் விளம்பரப் பாட்டு எழுதச் சொல்லுங்கள். ஜப்பானில் பெரும்பாலான விளம்பரங்களின் நீளம் அதுதான். ஒரே நிபந்தனை: பொருளின் பெயர் வரக்கூடாது. எதுகை, மோனை, சிலேடை எல்லாம் தாமாகத் தேவைப்படும். பாடி முடித்ததும் மற்றக் குழுவினர் ஒரு கேள்வி கேட்கட்டும்: "இந்தப் பாட்டு நமக்கு எதைச் சொல்லாமல் விடுகிறது?"

முதல் வேலை மொழியைக் கற்றுக்கொடுக்கும். இரண்டாவது வேலை மொழியிடம் ஏமாறாமல் இருக்கக் கற்றுக்கொடுக்கும். இரண்டும் நம் பொறுப்புதானே?

அப்படியே வகுப்பு முடிந்ததும் பிள்ளைகளை வெளியே அழைத்துப் போய், பள்ளி வாசலில் நிற்கும் மரத்தைக் காட்டிப் பெயர் கேட்டுப் பாருங்கள். எத்தனை பேருக்குத் தெரிகிறது என்று பார்க்கலாம்.