இறால் ஓட்டிலிருந்து மருந்துத் துகள் வரை

இடக்கொச்சிப் பாலத்தைக் கடந்தால் அரூர். அவ்வட்டாரத்தில் இறால் உரிக்கும் கொட்டகைகளின் வாடையை அறியாத தமிழர் கொச்சியில் இரார். 1953-ஆம் ஆண்டில் உறைய வைத்த இறால் கொச்சியிலிருந்து அமெரிக்காவுக்குக் கப்பலேறிற்று. அது முதல் தசை கடல் கடந்தது. தலையும் ஓடும் இங்கேயே குவிந்து நாறின. அக்குப்பையின் வரலாற்றையே ஈண்டுச் சொல்லப் புகுகிறோம்.

ஓட்டின் வன்மைக்குக் காரணம் கைட்டின் என்னும் பொருள். பிரெஞ்சு அறிஞர் பிரக்கோனோ 1811-இல் காளானிலிருந்து அதனைப் பிரித்தார். 1859-இல் ரூஷே என்பார் அதைக் காரத்தில் கொதிக்க வைத்து, அமிலத்தில் கரையும் வேறொரு பொருளாக மாற்றினார். கைட்டோசான் என்பது அதற்குப் பின்னர் வந்த பெயர். கொச்சியில் 1957-இல் தோன்றிய மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனத்தார், இறால் கழிவிலிருந்து அதனை எடுக்கும் முறையை 1974-இல் எழுதி வெளியிட்டனர்.

கைட்டோசானின் இழைகளைப் பிணைத்துவிட்டால் அது நீரை வாங்கி உப்பும், கரையாது. இத்தகைய பொருளை ஹைட்ரோஜெல் என்பர். மொழிபெயர்ப்பே பிழைப்பான நாம் 'நீர்க்களி' என்று எழுதிப் பார்த்தோம். கேழ்வரகுக் களியே கண்முன் நின்றது! வெந்த ஜவ்வரிசியை நினைத்துக்கொண்டால் போதும். இவ்வகைப் பொருள் உடலுக்கு இசைந்தது என்பதை 1960-இல் பிராக் நகரத்து விக்டர்லே, லிம் இருவரும் எடுத்துக்காட்டினர்.

ஆயினும் ஜவ்வரிசி அளவில் அது மருந்தாகாது. மிக நுண்ணிய இரத்தக் குழாயின் அகலம் ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கே. அதனினும் பெரிய துகள் அங்கே சிக்கிக்கொள்ளும். ஆகவே எல்லாம் அளவைப் பொறுத்தது.

அளவை வசப்படுத்தும் வழி நம் வீட்டு மத்தை ஒத்தது. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிலையத்தார் 1992-இல் வெளியிட்ட முறையில், கைட்டோசான் கரைசலைப் பாரபின் எண்ணெயிலிட்டுக் கடைகின்றனர். எண்ணெயோடு கலவாத கரைசல் உருண்டைத் துளிகளாகச் சிதறுகிறது; குளூட்டரால்டிஹைடு சேர்ந்ததும் துளிகள் அப்படியே இறுகுகின்றன. பொதுவாக, கடையும் வேகம் மிகுந்தால் துளி சிறுக்கும். உள்ளே வைத்த மருந்து மெல்ல மெல்லக் கசியும். சிக்கிக்கொள்ளும் குணத்தையே பயனாக்கி, நோயுற்ற இடத்துக்குப் போகும் இரத்தத்தை அடைக்கும் ஹைட்ரோஜெல் துகள்களையும் 1980-களில் இதே நிலையத்தார் ஆக்கினர். குறையைக் குணமாக்கிய அவ்வேலையே நம்மை மிகவும் கவர்ந்தது.

கொச்சி அமிர்தா நிலையத்து ஆய்வாளர்கள் 2012-இல் இன்னும் கீழே இறங்கினர். கைட்டினால் நானோமீட்டர் அளவுத் துகள் செய்து, அதில் மஞ்சளின் குர்குமினை ஏற்றி, தோல் புற்றுநோயை எண்ணிப் பன்றித் தோலில் சோதித்தனர். ஆய்வுக்கூடத்துச் சோதனைதான், கடையில் கிடைக்கும் மருந்தன்று.

இத்தனைக்கும் முதற்பொருள் அந்த ஓடே. அழுகிய ஓட்டில் கிடைக்கும் கைட்டோசான் தரம் குன்றும். ஆதலால் உரித்த ஓட்டைக் கொட்டகை வாசலிலிருந்து எவ்வளவு விரைவில் அள்ளுகிறோம் என்பதிலேயே வேலை தொடங்குகிறது.