மாமல்லபுரத்துத் தவப்பூனை

மாமல்லபுரத்துத் தவப்பூனை என்பது, செங்கல்பட்டு மாவட்டம் மாமல்லபுரத்தில் உள்ள அருச்சுனன் தபசு புடைப்புச் சிற்பத் தொகுதியில் இடம்பெற்றுள்ள நகைச்சுவைச் சிற்பமாகும். பின்னங்கால்களில் நிமிர்ந்து, முன்னங்கால்களைத் தலைக்கு மேல் தூக்கித் தவம் செய்கிறது ஒரு பூனை. அதன் காலடியில் எலிகள் அச்சமின்றிக் கூடியுள்ளன. கார்ட்டூன் படங்களில் பூனை எலிச் சண்டையைப் பார்த்து வளர்ந்த இன்றைய தலைமுறையும் விளக்கமின்றிச் சிரிக்கும் காட்சி இது.

அமைவிடம்

அருச்சுனன் தபசு ஏறத்தாழ 30 மீட்டர் நீளமுள்ள பாறை முகப்பில் செதுக்கப்பட்டது. இதை முதலாம் நரசிம்மவர்மன் (பொ.ஊ. 630–668) காலத்ததாகப் பலரும் கருதுகின்றனர். பாறையின் நடுப்பிளவு ஆறாகக் காட்டப்பட்டுள்ளது. பிளவின் இடப்புறத்தில், மெலிந்த உடலுடன் ஒரு தவசி ஒற்றைக் காலில் நின்று கைகளை உயர்த்தியுள்ளார். அவரை அருச்சுனன் என்பர் ஒரு சாரார். பகீரதன் என்பர் மற்றொரு சாரார். பிளவின் வலப்புறத்தில், பெரிய யானைக்கு முன்னால், பாறையின் அடிப்பகுதியில் பூனை நிற்கிறது. தவசியை அண்ணாந்து பார்க்க வேண்டும். பூனையோ தரையில் நிற்பவர் எளிதில் காணும் உயரத்தில் உள்ளது.

கதைப் பின்னணி

இக்கதை மகாபாரதத்தின் உத்தியோக பருவத்தில் வருகிறது. தருமனைப் போலித் துறவி எனப் பழிப்பதற்காக, துரியோதனன் உலூகன் வழியாகச் சொல்லி அனுப்பும் கதை அது. கங்கைக் கரையில் கைகளை உயர்த்தித் தவக்கோலம் பூண்ட பூனையை எலிகள் நம்பி அடைக்கலம் கேட்கின்றன. தவத்தால் தளர்ந்துவிட்டதாகச் சொல்லும் பூனை, நாள்தோறும் தன்னை ஆற்றங்கரைக்குக் கொண்டு செல்லும்படி கேட்கிறது. பூனை கொழுக்கிறது, எலிகள் குறைகின்றன. கிழங்கும் கனியும் உண்பதாகச் சொல்லும் பூனையின் கழிவில் மயிர் கிடப்பதைக் கண்டு, ஒரு முதிய எலி உண்மையை உணர்கிறது. போலிப் பக்தரைத் தமிழில் 'ருத்திராட்சப் பூனை' என்று இன்றும் சொல்வதுண்டு.

பல்லவர் கால எள்ளல்

போலித் துறவைக் கேலி செய்வது பல்லவ அரசவைக்குப் புதிதன்று. நரசிம்மவர்மனின் தந்தை முதலாம் மகேந்திரவர்மன் இயற்றிய 'மத்தவிலாசப் பிரகசனம்' என்னும் வடமொழி நாடகம் காஞ்சிபுரத்தில் நிகழ்கிறது. குடிபோதையில் கபால ஓட்டைத் தொலைத்த காபாலிகன், பௌத்தத் துறவி மீது திருட்டுப் பழி சுமத்துகிறான். அவனது துணைவி துறவியின் தலைமயிரைப் பற்ற முயல்கிறாள். மழித்த தலையில் பிடி கிடைக்காமல் விழுகிறாள். உண்மையில் ஓட்டைக் கவ்விச் சென்றது ஒரு நாய். உடலசைவால் எழும் இத்தகைய சிரிப்பே பிற்காலக் கார்ட்டூன் படங்களின் உயிர்நாடி.

கார்ட்டூன் படங்களுடன் ஒப்பீடு

வில்லியம் ஹன்னா, ஜோசப் பார்பெரா இருவரும் உருவாக்கிய டாம் அண்ட் ஜெர்ரி வரிசையின் முதல் குறும்படம் 1940-இல் வெளியானது. அதில் பூனையின் பெயர் ஜாஸ்பர். இன்னொரு பொருள் உடைந்தால் வீட்டைவிட்டுத் துரத்தப்படும் என்று பூனை எச்சரிக்கப்படுகிறது. அதை அறிந்த எலி, கண்ணாடிக் கோப்பையைக் கீழே போடப் போவதாக மிரட்டுகிறது. பாயத் துடிக்கும் பூனை அசையாமல் நிற்க வேண்டியதாகிறது.

பூனை தன் இயல்பை அடக்கி நிற்கும் கணமே இரண்டிலும் சிரிப்பைத் தருகிறது. ஆனால் படத்தில் எலிக்கு எல்லாம் தெரியும். எனவே நாம் பூனையைப் பார்த்துச் சிரிக்கிறோம். சிற்பத்தில் எலிகளுக்கு எதுவும் தெரியாது. அடுத்து நடக்கப்போவதை அறிந்தவர் பார்வையாளர் மட்டுமே. அதனால் அந்தச் சிரிப்பில் சிறிது அச்சமும் கலந்திருக்கிறது.

முக்கியத்துவம்

மாமல்லபுரத்து நினைவுச் சின்னங்கள் 1984-இல் யுனெசுகோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்க்கப்பட்டன. அருச்சுனனா பகீரதனா என்ற விவாதத்தில் இப்பூனை பெரும்பாலும் துணைச் சான்றாகவே பேசப்படுகிறது. எனினும், மெய்த்தவத்துக்கும் பொய்த்தவத்துக்கும் ஒரே கைநிலையைத் தந்து, இரண்டையும் ஒரே பாறையில் சிற்பி வைத்துள்ளார். கோலத்தைக் கொண்டு மட்டும் ஒருவரை நம்பலாமா என்ற கேள்வி இதனால் எழுகிறது. பூனையின் காலடியில் நிற்கும் எலிகளுக்கு அது உயிர்ப் பிரச்சினை.