அமைதிக் குளிசைகளும் அவற்றினின்று மீளும் வழியும் – ஒரு வரலாற்று நோக்கு

கிளிநொச்சி மாவட்டத்தின் நான்கு பிரதேச செயலகப் பிரிவுகளுள் ஒன்றான கண்டாவளை வயலும் வாய்க்காலும் சூழ்ந்த உழவர் நிலமாகும். தருமபுரம், முரசுமோட்டை, கல்லாறு முதலிய ஊர்கள் இப்பிரிவில் அடங்குவன. 2009ஆம் ஆண்டின் தொடக்க வாரங்களில் இவ்வூர்களின் மக்கள் போரினால் கிழக்கு நோக்கிப் பெயர்ந்தனர். பின்னர் முகாம்களில் வாழ்ந்து, தம் நிலத்துக்கு மீண்டனர். இத்தகைய மண்ணில் உறக்கமின்மையும் ஓயாத அச்சமும் புதுமையன்று. அவற்றுக்கு வைத்தியர் எழுதிக்கொடுக்கும் மருந்துகளுள் எளிதிற் கிடைப்பது ஒரு சிறு குளிசை. அக்குளிசை எங்கிருந்து வந்தது, அதனை நெடுங்காலம் உட்கொண்டோர் அதனை விட முயன்றபோது யாது நேர்ந்தது, அதனினின்று மீளும் வழி எவ்வாறு கண்டறியப்பட்டது என்பனவற்றை வரலாற்று முறையில் நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அச்சத்தை அடக்கும் இரசாயன மருந்துகளின் வரலாறு பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் தொடங்குகின்றது எனலாம். 1857ஆம் ஆண்டில் சாள்ஸ் லொக்கொக் எனும் இலண்டன் வைத்தியர் பொற்றாசியம் புரோமைட்டு வலிப்பைத் தணிக்கும் எனக் குறிப்பிட்டார். விரைவில் அது மனத்தை அமைதிப்படுத்தும் மருந்தாகவும் பரவலாயிற்று. ஆனால் அது உடலினின்று மிக மெதுவாகவே வெளியேறுவது. நாட்கணக்கில் உட்கொண்டோரிடம் தேங்கி நின்று அறிவு மயக்கத்தை உண்டாக்கியது. அதன் இடத்தைப் பார்பிட்டுரேட்டுகள் பிடித்தன. 1903இல் எமில் பிஷர், ஜோசப் பொன் மேரிங் ஆகிய ஜேர்மானியர் இருவர் அறிமுகப்படுத்திய பார்பிட்டல், உறக்கம் தரும் மருந்தென உலகெங்கும் விலைப்பட்டது. அளவு சிறிது மீறினும் உயிரைப் பறிக்கவல்ல இம்மருந்துகளுக்கு உடல் அடிமையாகாது என்றே பலரும் நெடுங்காலம் நம்பினர். 1950இல் அமெரிக்காவின் கென்ரக்கி மாநிலத்தில் ஹரிஸ் இஸ்பெல் என்பாரும் அவர்தம் துணைவரும் நிகழ்த்திய பரிசோதனை அந்நம்பிக்கையைத் தகர்த்தது. மாதக்கணக்கில் இம்மருந்தைப் பெற்றோருக்கு அதனைத் திடீரென நிறுத்தியபோது வலிப்பும் சித்தக்கலக்கமும் தோன்றின.

இந்நிலையில் 1955இல் மெப்ரோபமேற்று எனும் புதிய மருந்து, 'மில்ரவுண்' என்ற வணிகப் பெயருடன் அமெரிக்கக் கடைகளுக்கு வந்தது. பார்பிட்டுரேட்டின் தீமை எதுவும் இதற்கில்லை எனக் கூறப்பட்டது. மூன்றே ஆண்டுகளில், 1958இல், இதனைத் திடீரென நிறுத்தினாலும் வலிப்பு ஏற்படக்கூடும் என்பது மருத்துவப் பரிசோதனையில் வெளிப்பட்டது. பழைய மருந்தின் குற்றம் வெளிப்படும்போது, குற்றமற்றதெனப் புதிய மருந்தொன்று முன்வைக்கப்படும் முறைமை இவ்வாறு இருமுறை நிகழ்ந்தமை ஈண்டு நோக்கற்பாலது.

மூன்றாம் முறை நிகழ்ந்ததே இவ்வரலாற்றின் மையமாகும். 1908இல் அன்றைய ஒஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசில் பிறந்த லியோ ஸ்ரேர்ன்பாக் எனும் யூத இரசாயனவியலாளர், சுவிற்சலாந்தின் றோஷ் நிறுவனத்தில் சேர்ந்து, 1941இல் அமெரிக்காவின் நியூஜேர்சி மாநிலத்திலிருந்த அதன் ஆய்வுகூடத்துக்குச் சென்றார். அவர் ஆக்கிய பல சேர்வைகளுள் ஒன்று ஆராயப்படாது ஒதுக்கிவைக்கப்பட்டிருந்தது. 1957இல் ஆய்வுகூட மேசையைத் துப்புரவு செய்தபோது அது கண்ணிற் பட, விலங்குகளிற் பரிசோதிக்க அனுப்பப்பட்டது. விலங்குகள் மயங்கி விழாமலே அமைதியடைந்தன. அச்சேர்வை 1960இல் 'லிப்ரியம்' என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. அதனினும் வலிமை கூடிய டயசிபாம் 1963இல் 'வேலியம்' என வந்தது. பென்சோடயசிப்பின் எனும் மருந்துக் குடும்பம் இவ்வாறு தோன்றியது. தனித்து அளவு மீறி உட்கொள்ளினும் பார்பிட்டுரேட்டைப் போல் இலகுவில் உயிரைக் கொல்லாமை இதன் உண்மையான சிறப்பாகும். வைத்தியர்கள் இதனை விரும்பியமைக்கு நியாயம் இருந்தது என்பதை மறுத்தல் இயலாது. 1978ஆம் ஆண்டில் மட்டும் அமெரிக்காவில் 200 கோடிக்கு மேற்பட்ட வேலியம் குளிசைகள் விற்கப்பட்டன.

இம்மருந்தின் மறுபக்கம் அறியப்படாது இருந்ததா எனின், இல்லை என்பதே விடை. லிப்ரியம் கடைக்கு வந்த மறு ஆண்டே, 1961இல், லியோ ஹொலிஸ்ரர் எனும் அமெரிக்க ஆய்வாளர் ஓர் ஆய்வை வெளியிட்டார். மிகுந்த அளவில் மாதக்கணக்காக இம்மருந்தைப் பெற்ற நோயாளருள் 11 பேருக்கு, அவர்கள் அறியாதவாறு, மருந்தற்ற வெற்றுக் குளிசை மாற்றிக் கொடுக்கப்பட்டது. அவர்களுள் 10 பேருக்குப் புதிய துன்பங்கள் தோன்றின. இருவருக்கு வலிப்பு வந்தது. எனினும், மிகுந்த அளவில் எடுத்தோருக்கே இவ்விளைவு, சாதாரண அளவில் எடுப்போருக்கு இல்லை என மருத்துவ உலகம் அமைதி கொண்டது. 1980ஆம் ஆண்டிற்கூட, பிரித்தானியாவின் மருந்து மீளாய்வுக் குழு, 1960 முதல் 1977 வரையான காலத்தில் அந்நாட்டில் இம்மருந்துகளுக்கு அடிமையானோர் 28 பேரே என மதிப்பிட்டது. இலட்சக்கணக்கானோர் நாள்தோறும் இக்குளிசையை விழுங்கிக்கொண்டிருந்த நாட்டின் கணக்கு இது.

இத்தகைய பிழை எங்ஙனம் நேர்ந்தது? விடை மருந்தின் தொழிற்பாட்டிலேயே உள்ளது. மூளையில் 'காபா' எனும் பொருள் நரம்புக் கிளர்ச்சியைத் தணிக்கின்றது. பென்சோடயசிப்பின் அதன் ஆற்றலைக் கூட்டுகின்றது. 1977இல் டென்மார்க்கிலும் சுவிற்சலாந்திலும் இயங்கிய ஆய்வாளர்கள் இம்மருந்து மூளையிற் பற்றும் இடங்களைக் கண்டறிந்தனர். நெடுங்காலம் மருந்து துணைநிற்கும்போது மூளை அதற்கேற்பத் தன்னை மாற்றிக்கொண்டு, தன் இயல்பான தணிக்கும் ஆற்றலைக் குறைத்துக்கொள்கின்றது. பெருமழைக் காலத்தில் இரணைமடுக் குளத்து நீரை அணையே தாங்கி நிற்கின்றது. வான்கதவுகளை அளவறிந்து திறப்பின் நீர் வழியறிந்து செல்லும், அணை ஒரே கணத்தில் உடையின் வயலும் ஊரும் அழியும். மருந்தைத் திடீரென நிறுத்துதலும் அணை உடைதல் போன்றதே. அடங்கியிருந்த கிளர்ச்சியெல்லாம் ஒருங்கே பாய்கின்றது. உறக்கம் கெடுகின்றது, அச்சம் பெருகுகின்றது, உடல் நடுங்குகின்றது. இவை முன்னைய நோயின் குறிகளையே ஒத்திருந்தமையால், 'நோய் திரும்பிவிட்டது, மருந்தைத் தொடர்க' என்றே வைத்தியர் கூறினர். மருந்தால் விளைந்த துன்பம் மருந்தின் தேவைக்குச் சான்றாகக் கொள்ளப்பட்டது. துன்புற்றவரோ தம் மனவலிமையைத் தாமே ஐயுற்றனர்.

இத்திரையை விலக்கியோருள் இலண்டனைச் சேர்ந்த மல்கம் லேடர் குறிப்பிடத்தக்கவர். 1981இல் அவரும் பெற்றர்சன் எனும் ஆய்வாளரும் சாதாரண அளவில் நெடுங்காலம் மருந்தெடுத்த 16 நோயாளரை ஆராய்ந்து, மருந்து நிறுத்தப்பட்டபோது அனைவருக்கும் விலகற் குறிகள் தோன்றின எனக் காட்டினர். ஒளி, ஒலி, மணம் ஆகியவற்றைத் தாங்கமுடியாமை, நிலம் அசைவதுபோன்ற உணர்வு முதலியன முன்னைய நோயில் இல்லாதவை. எனவே, இது பழைய நோயின் மீள்வரவு அன்று என்பது தெளிவாயிற்று. இதற்கு முன்னரே, 1979இல், பாபரா கோர்டன் எனும் அமெரிக்கத் தொலைக்காட்சித் தயாரிப்பாளர் வேலியத்தைத் திடீரென நிறுத்தியதால் மனநோய் மருத்துவமனைவரை செல்ல நேர்ந்த தம் வரலாற்றை நூலாக வெளியிட்டிருந்தார். அறிஞர் ஏற்கத் தயங்கியதை நோயாளரே முதலில் உரத்துக் கூறினர் என்பது மனங்கொள்ளத்தக்கது.

மீளும் வழியை வகுத்தோருள் முதன்மையானவர் இங்கிலாந்தின் நியூகாசில் பல்கலைக்கழகப் பேராசிரியை ஹெதர் அஷ்ரன். 1982 முதல் 1994 வரை பன்னிரண்டு ஆண்டுகள் இம்மருந்துகளினின்று விடுபட விரும்பியோருக்கென அவர் ஒரு சிகிச்சை நிலையத்தை நடத்தினார். அங்கு கற்றவற்றை 1999இல் கைந்நூலாக வெளியிட்டார். அவர்தம் முறை எளியது. உடலில் விரைந்து ஏறி இறங்கும் மருந்துகளை எடுப்போர் முதலில் நெடுநேரம் நிலைக்கும் டயசிபாமுக்குப் படிப்படியாக மாற்றப்படுவர். பின்னர் அளவு சிறிது சிறிதாகக் குறைக்கப்படும். நாளொன்றுக்கு 40 மில்லிகிராம் டயசிபாம் எடுப்பவர், ஒரு வாரத்துக்கோ இரு வாரங்களுக்கோ ஒருமுறை 2 மில்லிகிராம் வீதம் 20 வரை குறைப்பார். அதன்பின் 1 மில்லிகிராம் வீதமே குறைப்பார். இக்கணக்கின்படி முழுமையாக விடுபட 30 முதல் 60 வாரங்கள் செல்லும். ஓராண்டு என்பது நீண்ட காலமாகத் தோன்றலாம். பத்து, இருபது ஆண்டுகள் மருந்தோடு வாழ்ந்த மூளைக்கு அது நீண்டதன்று.

அம்முறையின் சிறப்புக் கணக்கில் மட்டும் தங்கியதன்று. வைத்தியர் மேற்பார்வை செய்வார்; ஆயினும் குறைக்கும் வேகத்தை நோயாளரே தீர்மானிப்பர் என்பது அதன் உயிர்நாடியாகும். துன்பம் மிகுந்தால் அதே அளவிற் சில வாரங்கள் தங்கலாம். இடையிடையே நல்ல நாட்களும் தீய நாட்களும் மாறிமாறி வரும் என்பதும், தீய நாள் தோல்வியின் அடையாளமன்று என்பதும் முன்கூட்டியே அவர்களுக்கு உணர்த்தப்பட்டன. வீட்டாருக்கும் இது விளக்கப்பட்டது. தம் நோயாளரிடமிருந்தே இவற்றைக் கற்றதாக அஷ்ரன் கூறிவந்தார். 2019இல் அவர் மறையும்போது அவர்தம் கைந்நூல் பல மொழிகளிற் பெயர்க்கப்பட்டிருந்தது.

அறிவு வளரச் சட்டமும் விதியும் அதனைப் பின்தொடர்ந்தன. 1988இல் பிரித்தானிய மருந்துப் பாதுகாப்புக் குழு, இம்மருந்துகளை இரண்டு முதல் நான்கு வாரங்களுக்கு மேற் கொடுத்தலாகாது என அறிவுறுத்தியது. 2020இல் அமெரிக்க உணவு மருந்து நிருவாகம், அடிமைநிலை பற்றியும் திடீரென நிறுத்துவதன் ஆபத்துப் பற்றியும் மிகக் கடுமையான எச்சரிக்கையை இக்குடும்ப மருந்துகள் அனைத்திலும் பொறிக்கப் பணித்தது. மருந்தை அளவின்றிக் கொடுத்தல் முதற் பிழை. நெடுங்காலம் எடுத்தவரிடமிருந்து அதனைத் திடீரெனப் பறித்தல் இரண்டாம் பிழை. பின்னதே உயிருக்கு உடனடி ஆபத்தை விளைவிக்கவல்லது.

இலங்கையைப் பொறுத்தவரை மருந்துக் கொள்கையின் வரலாற்றிற் பேராசிரியர் சேனக பிபிலேயின் பணி தலையாயது. 1971இல் நிறுவப்பட்ட அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தின் முதல் தலைவரான அவர், வணிகப் பெயர்களை விடுத்து மருந்தின் பொதுப்பெயரைக் கையாளுதல் வேண்டும் என வற்புறுத்தினார். அக்காலத்தில் வணிகப் பெயரின் விலை எத்துணை என்பதற்கு 1973இல் வெளிவந்த பிரித்தானியத் தனியுரிமை ஆணைக்குழுவின் அறிக்கை சான்றாகும். றோஷ் நிறுவனம் தன் பிரித்தானியக் கிளைக்கு வேலியத்தின் மூலப்பொருளைக் கிலோகிராம் 922 பவுணுக்கு விற்றது. அதே பொருள் இத்தாலியில் 20 பவுணுக்குக் கிடைத்தது. பிபிலேயின் கொள்கை விலையோடு மட்டும் தொடர்புடையதன்று. 'சிவப்புக் குளிசை', 'நித்திரைக் குளிசை' என்ற அளவிலன்றி, உட்கொள்ளும் பொருளின் பெயரும் அளவும் அறிந்த ஒருவராலேயே அதனைக் கணக்காகக் குறைத்தல் இயலும்.

இனிக் கண்டாவளைக்கு மீள்வோம். அஷ்ரனின் முறை இரண்டு அடிப்படைகளை வேண்டிநிற்பது. ஒன்று, இடையறாத மருந்து வழங்கல். மற்றொன்று, ஓராண்டுக் காலம் ஒருவர் சொல்வதைப் பொறுமையுடன் கேட்கும் ஒருவர். வன்னியின் அண்மைக்கால வரலாறு இவ்விரண்டையும் பலமுறை அறுத்த வரலாறாகும். 1990களின் பொருளாதாரத் தடை, 2006இல் ஏ-9 வீதி மூடப்பட்டமை, 2009இன் பேரிடப்பெயர்வு, 2018 மார்கழியிற் கண்டாவளையை மூழ்கடித்த வெள்ளம், 2022இல் நாடெங்கும் நிலவிய மருந்துத் தட்டுப்பாடு என்பன யாவும் மருந்து வழங்கலின் தொடர்ச்சியைக் குலைக்கவல்ல நிகழ்ச்சிகளே. நியூகாசிலில் நோயாளர் தாமே தீர்மானித்த வேகத்தை, ஈண்டு போரும் வெள்ளமும் பஞ்சமும் தீர்மானிக்கும் நிலை இருந்தது. ஒருவர் தம் விருப்பத்தாலன்றி, குளிசை முடிந்துவிட்டதால் அதனை விடுவாராயின், அவருக்கு நேர்வது மீட்சியன்று.

இரண்டாவது தேவையைப் பொறுத்தவரை நம்பிக்கைக்கு இடமுண்டு. பேராசிரியர் தயா சோமசுந்தரம் வடபுலத்து மக்களின் மனவடுக்களை ஆராய்ந்து, அவை தனிமனிதரை மட்டுமன்றிக் குடும்பத்தையும் சமுதாயத்தையும் தாக்கியவை என்றும், அவற்றை ஆற்றுதலும் அவ்வழியிலேயே அமைதல் வேண்டும் என்றும் எடுத்துக்காட்டினார். மூச்சுப் பயிற்சி, மந்திரம் அல்லது திருநாமம் ஓதுதல், சடங்கு, கூடியிருந்து பேசுதல் முதலிய மரபுவழி முறைகளுக்கு அவர் இடமளித்தார். குளிசையைக் குறைக்கும் காலத்தில், குறையும் ஒவ்வொரு மில்லிகிராமின் வெற்றிடத்தையும் நிரப்ப வேறொன்று வேண்டும். அதனைத் தரக்கூடிய உறவும் கோயிலும் அயலும் இம்மண்ணில் இன்னும் உண்டு.

தொகுத்து நோக்குமிடத்து, புரோமைட்டு முதல் வேலியம் வரை ஒவ்வொரு தலைமுறையும் முன்னைய பாடத்தை மறந்து புதிதாகக் கற்க நேர்ந்தமை தெளிவாகும். அம்மறதியின் விலையைச் செலுத்தியோர் நோயாளரே. விலகலின் துன்பம் மனவலிமைக் குறைவன்று, மூளையின் இயற்கை. அதற்கு மருந்து அவசரமன்று, காலம் என்பதே இவ்வரலாறு தரும் பாடம். அக்காலத்தை வழங்குவதற்குக் கிராமிய வைத்தியசாலையின் மருந்தறையில் தட்டுப்பாடின்மையும், வைத்தியருக்கு ஒவ்வொரு நோயாளரோடும் பேச நேரமும் வேண்டும். கண்டாவளையில் ஓர் உழவர் தம் குளிசையின் பெயரை அறிந்து, அடுத்த மாதமும் அது கிடைக்கும் என்ற உறுதியோடு, வைத்தியரின் துணையுடன் அதிற் கால்வாசியைக் குறைக்கத் துணியும் நாளிலேதான் நியூகாசிலில் எழுதப்பட்ட பாடம் வன்னியிலும் படிக்கப்பட்டதாகும்.