இசைக் கலைக்களஞ்சியங்களில் போலிப் பதிவுகள்: அச்சுநூல் முதல் விக்கிப்பீடியா வரை

முன்னுரை

யாவரும் எழுதலாம் என்பதனாலேயே விக்கிப்பீடியாவில் பொய்ச்செய்தி புகுகிறது என்பர். ஆயின், இசைத்துறையில் போலிப் பதிவுகள் அதற்கு முன்பே அச்சுநூல்களில் இடம்பெற்றுள்ளன. அவை அறியப்பட்ட முறையையும், நீக்கத்தால் விளைந்த பயனின் எல்லையையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

அச்சுநூல்களில் போலிகள்

ரூபர்ட் ஹியூஸ் 1903இல் வெளியிட்ட இசை வழிகாட்டி நூல், முரசைக் குறிக்கும் மாவோரிச் சொல் என்று ஒன்றைத் தந்தது. அச்சொல்லில் இசட், எக்ஸ், ஜே ஆகிய ஆங்கில எழுத்துகள் உள்ளன. அவை குறிக்கும் ஒலிகள் மாவோரி மொழியில் இல்லை. மாவோரிச் சொற்கள் உயிரொலியில் முடிவன. இதுவோ மெய்யெழுத்தில் முடிகிறது. 73 ஆண்டுகள் கழித்து, 1976இல், பிலிப் கோகன் இதன் போலித்தன்மையை எடுத்துக்காட்டினார்.

ஸ்டான்லி சேடி பதிப்பித்து, 1980இல் 20 தொகுதிகளாக வெளிவந்த நியூ குரோவ் இசை அகராதியிலும் வாழ்ந்திராத இருவர் இசையமைப்பாளர்களாக இடம்பெற்றனர். எஸ்ரும்-ஹெல்லெரூப் என்பவரது பெயர் டென்மார்க்கின் இரு ஊர்ப்பெயர்களால் ஆனது. குலியெல்மோ பால்டினி பற்றிய பதிவோ இல்லாத கட்டுரையொன்றைச் சான்றாகக் காட்டியது. பின்னர் இரண்டும் நீக்கப்பட்டன. மேற்கோள் இருப்பது மட்டும் போதாது, அதைத் தேடிப் பார்த்தலும் வேண்டும் என்பதை இது உணர்த்துகிறது.

விக்கிப்பீடியாவில் போலிகள்

2007 அக்டோபரில் மறைந்த பிரித்தானிய இசையமைப்பாளர் ரோனி ஹேசில்ஹர்ஸ்ட், எஸ் கிளப் 7 குழுவின் ‘ரீச்’ பாடலை இயற்றியவர்களுள் ஒருவர் என்னும் பொய் அவரது பக்கத்தில் புகுத்தப்பட்டிருந்தது. நாளிதழ்கள் பல அதனை இரங்கற்குறிப்புகளில் வெளியிட்டன.

2009 மார்ச்சில் பிரெஞ்சு இசையமைப்பாளர் மோரிஸ் ஜார் மறைந்தபோது, அயர்லாந்து மாணவர் ஒருவர் அவர் கூறாத கூற்றொன்றை அவரது பக்கத்தில் சேர்த்தார். சான்றில்லை என்று விக்கிப்பீடியர் அதனை விரைந்து நீக்கினர். எனினும், அதற்குள் பிரித்தானிய, இந்திய, ஆஸ்திரேலிய இதழ்கள் அதனை எடுத்தாண்டுவிட்டன. அம்மாணவரே இதழ்களுக்கு எழுதித் தெரிவித்த பின்னரே உண்மை வெளிப்பட்டது.

முடிவுரை

மொழியியல்பு, பெயராய்வு, மூலச்சான்றைத் தேடல் ஆகிய மூன்றும் போலியை இனங்காணும் வழிகள். ஆயின், மூலப் பதிவை நீக்கினும் அதன் படிகள் நிலைத்துவிடுகின்றன. அப்படிகளே நாளடைவில் சான்றாகக் காட்டப்படவும் கூடும். எனவே, ஒரே செய்தியைப் பல இதழ்கள் கூறுவதால் மட்டும் அது உறுதிப்படாது. விக்கிப்பீடியாவின் பக்க வரலாற்றில் அச்செய்தி சேர்க்கப்பட்ட நாளையும் இதழ்கள் வெளிவந்த நாளையும் ஒப்பிட்டு, எது எதற்கு மூலம் எனத் தெளிதல் ஆய்வாளர் கடனாகும்.