பதில் சொல்லும் கடமை: இந்திய அரசில் சுதந்திரப் பொருளாதார ஆலோசனையின் வரலாறு (1950–2022)

அரசுக்குப் பொருளாதார ஆலோசனை சொல்பவர் எப்போது சுதந்திரமானவர் ஆகிறார்? ஆளுங்கட்சியைச் சாராதவராக இருந்தால் போதும் என்பது ஒரு விடை. பதவி போனாலும் போகட்டும் என்று உண்மையைச் சொல்லும் துணிவு வேண்டும் என்பது இன்னொன்று. இரண்டுமே ஆலோசகரின் தனிக்குணத்தைப் பற்றியவை. ஆனால் துணிவுள்ள ஆலோசகர்களுக்கு இந்தியாவில் எக்காலத்திலும் பஞ்சமிருந்ததில்லை. அவர்கள் சொன்னதை ஏற்கவோ, காரணம் சொல்லி மறுக்கவோ வேண்டிய கட்டாயம் அரசுக்கு இருந்ததா என்பதே இக்கட்டுரையின் கேள்வி. 1950 முதல் 2022 வரையிலான சில முக்கிய நிகழ்வுகளை இந்தக் கேள்வியின் வழியே பார்க்கும்போது, ஆலோசனையின் எடையைத் தீர்மானித்தது அது வெளியிடப்பட்டதா, அதற்கு அரசு பதில் சொல்லியாக வேண்டியிருந்ததா என்ற இரண்டும்தான் என்று தெரிகிறது.

இரண்டு குழுக்கள், இரண்டு பிறப்புகள்

சுதந்திர இந்தியாவின் முதல் சில ஆண்டுகளிலேயே இரண்டு ஆலோசனை அமைப்புகள் தோன்றின. திட்டக் குழு 1950 மார்ச் 15 அன்று மத்திய அமைச்சரவையின் தீர்மானம் ஒன்றினால் பிறந்தது. அரசமைப்புச் சட்டத்திலோ வேறு சட்டத்திலோ அதற்கு இடமில்லை. பிரதமரே அதன் தலைவர். ஆலோசனை கூறும் குழுவுக்கும் ஆலோசனை கேட்கும் அமைச்சரவைக்கும் ஒருவரே தலைமை தாங்கியதால், குழு சொல்வது யோசனையா முடிவா என்ற எல்லைக்கோடு தொடக்கத்திலேயே மங்கிவிட்டது. அப்போதைய நிதியமைச்சர் ஜான் மத்தாய் அதே ஆண்டு பதவி விலகியதற்கான காரணங்களில், திட்டக் குழு இன்னொரு அமைச்சரவையாக வளர்ந்துவிடும் என்ற அச்சமும் ஒன்று.

1951இல் கே.சி. நியோகி தலைமையில் அமைந்த முதல் நிதிக் குழு வேறு வகையானது. அரசமைப்பின் 280ஆவது பிரிவு அதற்கு அடித்தளமிட்டது. மத்திய அரசின் வரி வருவாயை மாநிலங்களோடு பகிர்வதும் மானியங்களைப் பரிந்துரைப்பதும் அதன் பணி. அதிகம் பேசப்படாத 281ஆவது பிரிவு இதைவிட முக்கியமானது. நிதிக் குழுவின் ஒவ்வொரு பரிந்துரையையும், அதன்மீது எடுக்கப்பட்ட நடவடிக்கையை விளக்கும் குறிப்போடு நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் வைக்க வேண்டும் என்கிறது அது. பரிந்துரையை ஏற்கும் கட்டாயம் அரசுக்கு இல்லை. விளக்கம் தரும் கட்டாயம் உண்டு.

முன்னது அதிகாரத்துக்கு நெருக்கமானது, பின்னது சட்டத்தால் காக்கப்பட்டது. பின்வந்த ஆலோசனை அமைப்புகளில் பெரும்பாலானவை முன்னதன் சாயலிலேயே உருவாயின.

ஷெனாய்: அச்சில் நின்ற தனிக்குரல்

இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டத்துக்கான வரைவை 1955 மார்ச்சில் புள்ளியியலாளர் பி.சி. மஹலனோபிஸ் அளித்தார். அதைப் பரிசீலிக்க நிதியமைச்சர் சி.டி. தேஷ்முக் தலைமையில் நாட்டின் முன்னணிப் பொருளியலாளர்களைக் கொண்ட குழு கூடியது. டி.ஆர். காட்கில், வி.கே.ஆர்.வி. ராவ், சி.என். வக்கீல் போன்றோர் அதில் இருந்தனர். வரைவின் அடிப்படைப் போக்கை ஏனையோர் ஏற்க, குஜராத் பல்கலைக்கழகப் பேராசிரியர் பி.ஆர். ஷெனாய் மட்டும் மாறுபட்டுத் தனிக் குறிப்பு எழுதினார்.

அவர் வாதம் சுருக்கமானது. திட்டத்தின் அளவை மக்களின் உண்மையான சேமிப்பே தீர்மானிக்க வேண்டும். அதற்கு மேல் ரூபாய் நோட்டு அச்சிட்டுச் செலவழித்தால் விலைவாசி ஏறும், அந்நியச் செலாவணி கரையும். அவற்றைத் தடுக்கக் கட்டுப்பாடுகள் வரும், ஒரு கட்டுப்பாடு அடுத்த கட்டுப்பாட்டுக்கு வழிவிடும். அரசுத் துறைக்கு மட்டும் 4,800 கோடி ரூபாய் ஒதுக்கிய இறுதித் திட்டம், அதில் 1,200 கோடியைப் பற்றாக்குறை நிதியாக்கத்தால் திரட்டுவதாகக் கணக்கிட்டது.

1957இல் அந்நியச் செலாவணி நெருக்கடி வந்தது. திட்டத்தின் கருப்பகுதியைக் காப்பாற்ற மற்றவற்றைச் சுருக்க நேர்ந்தது. 1958இல் இந்தியாவுக்கு உதவும் நாடுகளின் கூட்டமைப்பு உருவானது. திட்டக் காலத்தில் மொத்த விலைகள் சுமார் 30 சதவீதம் உயர்ந்தன. பருவமழைப் பொய்ப்பு, தனியார் துறையின் எதிர்பாராத இறக்குமதி போன்ற காரணங்களும் இருந்ததால், ஷெனாய் சொன்னதெல்லாம் அப்படியே பலித்தது என்று எழுதுவது மிகையாகும். நெருக்கடியின் திசையை அவர் முன்கூட்டியே காட்டினார் என்பதை மறுப்பதும் கடினம்.

ஷெனாயின் குறிப்பை அரசு மறைக்கவில்லை. அதுவும் குழுவின் மற்ற ஆவணங்களும் அச்சில் வந்தன. ஆனால் அதற்குப் பதில் எழுதும் கடமை எவருக்கும் இல்லை. வெளியிடப்பட்ட மறுப்பு ஆவணக் காப்பகத்துக்குப் போனது, திட்டம் நாடாளுமன்றத்துக்குப் போனது. வெளியீடு மட்டும் போதாது என்பதற்கு இது முதல் சான்று.

ஏற்கப்பட்ட ஒரு மறுப்பு

மறுப்புக் குறிப்பை அரசு ஏற்றுக்கொண்ட நிகழ்வும் உண்டு. ஏ.கே. சந்தா தலைமையிலான மூன்றாம் நிதிக் குழு 1961இல் அறிக்கை அளித்தது. மாநிலத் திட்டங்களின் வருவாய்ச் செலவில் 75 சதவீதத்துக்கு நிதிக் குழுவே மானியம் பரிந்துரைக்கலாம் என்றனர் பெரும்பான்மை உறுப்பினர்கள். நடைமுறைக்கு வந்திருந்தால், மாநிலங்களுக்குப் பணம் பங்கிடும் திட்டக் குழுவின் விருப்புரிமை பெரிதும் குறைந்திருக்கும். உறுப்பினர்-செயலர் இதில் மாறுபட்டார். அரசு பெரும்பான்மையை விட்டுவிட்டு அந்த ஒருவரின் கருத்தையே ஏற்றது.

ஆக, தனிக்குரல் என்பதால் ஆலோசனை தோற்பதும் இல்லை, பெருங்குரல் என்பதால் வெல்வதும் இல்லை. அதிகாரம் போக விரும்பிய திசையில் இருந்தது எடுபட்டது. ஆனால் 281ஆவது பிரிவு இருந்ததால் அரசு தன் தேர்வை நாடாளுமன்றத்தின் முன் வைக்க வேண்டியிருந்தது. எதை ஏற்றார்கள், எதைத் தள்ளினார்கள் என்பதை இன்று நாம் ஐயமின்றி அறிவது அந்தப் பதிவினால்தான்.

நான்காம் நிதிக் குழுவின் தலைவர் பி.வி. ராஜமன்னார், சென்னை உயர் நீதிமன்றத்தின் முன்னாள் தலைமை நீதிபதி. மத்திய-மாநில உறவுகளை ஆராய 1969இல் தமிழ்நாடு அரசு அமைத்த குழுவுக்கும் அவரே தலைவர். நிதிக் குழுவை நிரந்தர அமைப்பாக்க வேண்டும், திட்டக் குழுவின் இடத்தில் வல்லுநர்களைக் கொண்ட சட்டபூர்வ அமைப்பு வர வேண்டும் என்று அக்குழு 1971இல் பரிந்துரைத்தது. மாநில சுயாட்சி ஆவணமாகவே இந்த அறிக்கை நினைக்கப்படுகிறது. ஆலோசனை அமைப்பு ஆட்சியாளரின் தயவில் நிற்கக் கூடாது என்ற வாதமும் அதில் உண்டு என்பது கவனத்துக்குரியது.

மூடிய அறையின் விலை

1966 ஜூன் 6 அன்று ரூபாயின் மதிப்பு குறைக்கப்பட்டது. ஒரு டாலருக்கு 4.76 ரூபாய் என்பது 7.50 ஆனது. உலக வங்கியின் பெல் குழு ஏற்கெனவே இதை வலியுறுத்தியிருந்தது. எதிர்ப்பாளரான நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி 1965 இறுதியில் பதவி விலகியிருந்தார். அமைச்சர் சி. சுப்பிரமணியம் உள்ளிட்ட சிலர் ஆதரித்தனர். காங்கிரஸ் தலைவர் காமராஜர் வெகுண்டார்.

நாணய மதிப்பைக் குறைக்கப்போவதை முன்கூட்டி அறிவிக்க முடியாது. அறிவித்தால் ஊகவணிகர்கள் கொள்ளையடிப்பார்கள். நாளை மறைப்பது வேறு, காரணத்தை மறைப்பது வேறு. ரூபாயின் மதிப்பு மிகையாக இருக்கிறதா, ஏற்றுமதி ஏன் தேங்குகிறது என்பவை பல ஆண்டுகள் பொதுவெளியில் விவாதிக்கப்பட்டிருக்கலாம். அது நடக்காததால், வறட்சியும் எதிர்பார்த்த வெளிநாட்டு உதவி முழுதாக வராததும் சேர்ந்தபோது, அயல்நாட்டு நெருக்குதலுக்குப் பணிந்த செயல் என்ற ஒரே விளக்கம் மக்களிடம் நிலைத்தது.

1991 ஜூலையின் மதிப்புக் குறைப்பு வேறு சூழலில் வந்தது. அதற்கு ஓராண்டு முன், அரசு அதிகாரி மாண்டேக் சிங் அலுவாலியா தயாரித்த சீர்திருத்தக் குறிப்பு பத்திரிகைக்குக் கசிந்து பெரும் விவாதம் ஆகியிருந்தது. கருத்துகள் பழகிப்போன பின்னரே நெருக்கடி வந்தது. ஆனால் அந்த விவாதத்துக்கு வழிவிட்டது ஒரு கசிவே. நல்ல ஆலோசனை வெளிவரக் கசிவை நம்பியிருப்பது நிறுவனக் குறைபாட்டின் அடையாளம்.

இடைப்பட்ட வழிக்கு ஓர் எடுத்துக்காட்டு, 1965இல் எம்.எல். தந்த்வாலா தலைமையில் தொடங்கிய வேளாண் விலைக் குழு. அதுவும் சட்டத்தில் பிறந்ததல்ல. ஆனால் அறிக்கைகள் வெளிவந்ததால், குழு சொன்ன விலைக்கும் அரசு அறிவித்த விலைக்கும் உள்ள இடைவெளியை எவரும் அளக்க முடிந்தது. உழவர் அமைப்புகள் இன்றும் அந்தக் கணக்கை வைத்தே வாதாடுகின்றன.

சட்டம் வந்த பிறகு

நிதியமைச்சகத்தின் தலைமைப் பொருளாதார ஆலோசகர் பதவி அதிகாரத்தின் உள்ளே அமைந்தது. அவர் தயாரிக்கும் பொருளாதார ஆய்வறிக்கை ஆண்டுதோறும் வெளிவருகிறது, சில நேரம் அரசுக்கு உவப்பில்லாததையும் பேசுகிறது. எனினும் பெரிய முடிவுகளில் அவர் தனியே தந்த ஆலோசனை வெளிவருவதில்லை. 2014 முதல் 2018 வரை அப்பதவி வகித்த அரவிந்த் சுப்பிரமணியன், 2016இன் பணமதிப்பிழப்பைக் கடுமையாக விமர்சித்தது பதவி விலகிய பின் எழுதிய நூலில்தான்.

அதே விவகாரத்தில் 2016 நவம்பர் 8 அன்று கூடிய ரிசர்வ் வங்கி மைய வாரியம், கறுப்புப் பணத்தின் பெரும்பகுதி ரொக்கமாக இல்லை, தங்கமும் மனையுமாக இருக்கிறது என்ற ஐயத்தைப் பதிவு செய்தே ஒப்புதல் அளித்தது. அந்தக் குறிப்பு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் வழியே 2019இல் பொதுவெளிக்கு வந்தது. அதற்குள் பழைய நோட்டுகள் அநேகமாக முழுவதும் வங்கிக்குத் திரும்பியிருந்தன.

2016இல் திருத்தப்பட்ட ரிசர்வ் வங்கிச் சட்டம் ஒரு முன்னேற்றம். ஆறு பேர் கொண்ட பணக் கொள்கைக் குழு வட்டி விகிதத்தை வாக்களித்து முடிவு செய்கிறது. கூட்டம் முடிந்த 14ஆம் நாள் ஒவ்வொருவரின் வாக்கும் காரணமும் வெளியாகின்றன. ஷெனாய்க்கு அரிதாகக் கிடைத்த அச்சு, இங்கே மாறுபடும் ஒவ்வொருவருக்கும் சட்டப்படி கிடைக்கிறது. பணவீக்கம் தொடர்ந்து மூன்று காலாண்டுகள் 6 சதவீதத்தைத் தாண்டினால், காரணத்தை விளக்கி வங்கி அரசுக்கு அறிக்கை தர வேண்டும். 2022இல் அப்படி நேர்ந்தது. அறிக்கை போனது, ஆனால் வெளியிடப்படவில்லை. சட்டம் பதிலைக் கோரியது. யார் காது கேட்க அந்தப் பதில் என்பதைச் சொல்லாமல் விட்டது.

அரசின் செலவுக் கணக்கில் இந்த அளவு ஏற்பாடும் இல்லை. 2003ஆம் ஆண்டின் நிதிப் பொறுப்புச் சட்டம் பற்றாக்குறைக்கு இலக்கு வைத்தது. இலக்கு எட்டப்பட்டதா என்று சொல்வதும் அரசேதான். இந்திய உணவுக் கழகத்தின் மானியச் செலவில் ஒரு பகுதி பல ஆண்டுகள் சிறுசேமிப்பு நிதிக் கடனாக பட்ஜெட்டுக்கு வெளியே நின்றது. 2021 பிப்ரவரி பட்ஜெட்டில் அது உள்ளே கொண்டுவரப்பட்டபோது பற்றாக்குறை மதிப்பீடு 9.5 சதவீதத்தைத் தொட்டதற்கு, பெருந்தொற்றோடு இதுவும் ஒரு காரணம். தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் நடந்து முடிந்ததையே ஆராய முடியும். மதிப்பீடுகளை முன்கூட்டியே சோதிக்கும் சுதந்திர நிதி மன்றம் வேண்டும் என்று 13, 14, 15ஆம் நிதிக் குழுக்களும் 2017இல் நிதிப் பொறுப்புச் சட்டத்தை மறுஆய்வு செய்த என்.கே. சிங் குழுவும் பரிந்துரைத்தன. மன்றம் வரவில்லை.

பிரிட்டனின் அனுபவம் இங்கே பொருந்தும். அங்கே 2010இல் தொடங்கிய பட்ஜெட் பொறுப்பு அலுவலகத்தின் கணிப்பு இல்லாமலே 2022 செப்டம்பர் 23 அன்று பெரும் வரிக்குறைப்பு அறிவிக்கப்பட்டது. அரசுப் பத்திரச் சந்தை குலுங்கியது, சில வாரங்களில் நிதியமைச்சரும் பிரதமரும் பதவி இழந்தனர். வரிக்குறைப்பின் அளவே முதன்மைக் காரணம். ஆனாலும் வழக்கமாக வரும் கணிப்பு வராததை முதலீட்டாளர்கள் ஓர் எச்சரிக்கையாகவே எடுத்துக்கொண்டார்கள். ஆலோசனை வெளிவருவது நடைமுறையாகிவிட்ட இடத்தில், அதைத் தவிர்ப்பதே அரசுக்குச் செலவாகிறது.

முடிவுரை

இந்த எழுபதாண்டு வரலாற்றில் மூன்று நிலைகள் தெரிகின்றன. ஆலோசனை மறைந்திருந்தபோது முடிவுகள் சந்தேகத்துக்கு ஆளாயின. வெளிவந்தும் பதில் கோராதபோது அது வரலாற்றாசிரியர்களுக்கு மட்டும் பயன்பட்டது. வெளியீடும் பதிலும் சேர்ந்தபோது, அரசு தன் விருப்பப்படியே நடந்தாலும் அதன் பொறுப்பு பதிவானது.

ஆலோசனை அரசைக் கட்டுப்படுத்த வேண்டும் என்று இக்கட்டுரை வாதிடவில்லை. மக்கள் தேர்ந்தெடுத்த அரசு வல்லுநரை மறுக்கலாம். வரி, மானியம், விலை பற்றிய தேர்வுகள் இறுதியில் அரசியல் தேர்வுகளே. மறுப்பதற்கான காரணம் அவையில் வைக்கப்பட வேண்டும் என்பதே கோரிக்கை. மாநில நிதிக் குழுக்கள் விஷயத்தில் அரசமைப்பின் 243-I பிரிவு, சட்டமன்றத்தின் முன் விளக்கம் வைக்கும் இதே கடமையை மாநிலங்களிலும் விதித்திருக்கிறது. ஆனால் 2021இல் தமிழ்நாடு அமைத்த பொருளாதார ஆலோசனைக் குழுவும், பிரதமருக்கான பொருளாதார ஆலோசனைக் குழுவும் அரசின் ஆணையால் அமைந்தவை. எத்தனை புகழ்பெற்ற பெயர்கள் இடம்பெற்றாலும், இத்தகைய குழு சொன்னதற்கு அரசு என்ன செய்தது என்று கேட்கும் சட்ட உரிமை உறுப்பினருக்கும் இல்லை, குடிமகனுக்கும் இல்லை. 281ஆவது பிரிவின் அந்த ஒரு வாக்கியத்தை இத்தகைய குழுக்களுக்கும், இனி அமையக்கூடிய நிதி மன்றத்துக்கும் விரிவாக்க அரசமைப்புத் திருத்தம்கூடத் தேவையில்லை. நாடாளுமன்றமும் சட்டமன்றமும் இயற்றும் சாதாரணச் சட்டமே போதும்.