பம்பைக்காரர் பெயர் என்ன?

மாசி மகத்தன்று புதுச்சேரி வைத்திக்குப்பம் கடற்கரையில் நின்றால், எந்த ஊர்ச் சாமி வருகிறது என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடுவார் என் அப்பா. மயிலம் முருகனுக்கு முன்னால் வரும் மேளத்தின் அடி வேறு, தீவனூர்ப் பிள்ளையாருக்கு வேறு. தீர்த்தவாரி முடிந்து முத்தியால்பேட்டைக்கு நடந்து திரும்பும்போது சாமி அலங்காரம் பற்றிப் பேசமாட்டார். “அந்தப் பம்பைக்காரன் கை கேட்டியா?” என்பார். அந்தக் கைக்கு உரியவர் பெயர் அவருக்கும் தெரியாது.

அப்பா கொடுத்த இந்தக் காதோடுதான் ‘மாதங்கி / மாயா / எம்.ஐ.ஏ.’ ஆவணப்படத்தைப் பார்த்தேன். லண்டனில் பிறந்து, கைக்குழந்தையாக யாழ்ப்பாணம் போய், போருக்குத் தப்பி அகதியாக லண்டன் திரும்பிய பாடகி மாதங்கி அருட்பிரகாசத்தின் கதை. மாயா, எம்.ஐ.ஏ. இரண்டும் அவருடைய பெயர்கள்தான். கல்லூரித் தோழர் ஸ்டீவ் லவ்ரிட்ஜ் எடுத்தது. 2018-ல் சண்டான்ஸ் விழாவில் நடுவர் சிறப்பு விருது பெற்றது. 2001-ல் இலங்கைக்குப் போய் மாயா தானே படம்பிடித்த உறவினர் முகங்கள், பாட்டியின் பேச்சு எல்லாம் நெஞ்சை அடைக்கின்றன. ஓர் அமெரிக்கப் பத்திரிகையாளரோடு சண்டை, 2012 அமெரிக்கக் கால்பந்து இறுதி ஆட்டத்தின் இடைவேளை மேடையில் காட்டிய நடுவிரல், எல்லாம் விரிவாக உண்டு.

பாட்டுக்குத்தான் இடம் குறைவு. இத்தனை கோபமும் எந்த வழியாகத் தாளமாயிற்று என்பதைப் படம் சொல்லவில்லை. தான் எடுத்திருந்தால் இப்படி எடுத்திருக்கமாட்டேன் என்று மாயாவே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்.

அந்த வழிகளில் ஒன்று பங்க் இசை. சங்கீதம் படிக்காதவனும் மேடை ஏறலாம் என்று 1970களில் நியூயார்க்கிலும் லண்டனிலும் இளைஞர்கள் தொடங்கியது அது. அதன் பெரிய குழுக்களில் ஒன்று லண்டனின் ‘தி க்ளாஷ்’. 1982-ல் அவர்கள் பாடிய ‘ஸ்ட்ரெய்ட் டு ஹெல்’ பாட்டின் இசைத் துண்டை எடுத்துத்தான் மாயா ‘பேப்பர் பிளேன்ஸ்’ செய்தார். அமெரிக்கச் சிப்பாய்கள் வியட்நாமில் விட்டுப்போன பிள்ளைகளைப் பற்றியும் அந்தப் பழைய பாட்டு பேசும். சைகோனிலிருந்து பிரெஞ்சுப் பட்டாளத்துப் புதுச்சேரிக்காரரோடு வந்து, கடைசிவரை இங்கேயே வாழ்ந்த பாட்டிகள் எங்கள் ஊரில் உண்டு. அந்தத் துண்டு காதில் விழும்போதெல்லாம் எனக்கு அவர்கள் நினைவுதான் வரும்.

படத்தில் எனக்குப் பட்ட பெரிய குறை உறுமி. 2007-ல் வெளிவந்த ‘கலா’ தொகுப்புக்காக மாயா தமிழ்நாட்டுக்கு வந்து உறுமி மேளக்காரர்களை அடிக்கச் சொல்லிப் பதிவு செய்தார். ‘பேர்ட் ஃப்ளூ’, ‘பாய்ஸ்’ இரண்டும் அந்த மேளத்தின் மேல்தான் நிற்கின்றன. உறுமியின் ஒரு முகத்தை நேர்க்குச்சியால் அடிப்பார்கள். மறுமுகத்தை வளைந்த குச்சியால் தேய்ப்பார்கள். தேய்க்கும்போது மாடு உறுமுவதுபோல அடிவயிற்றிலிருந்து ஒரு சத்தம் கிளம்பும். எங்கள் பக்கம் பம்பையும் உடுக்கையும்தான் அதிகம். உறுமி தெற்கிலும் கொங்கிலும் ஓங்கி ஒலிப்பது. பள்ளிக்கூடம் வைத்துச் சொல்லிக்கொடுக்காத வித்தை அது. தகப்பன் கையைப் பார்த்துப் பிள்ளை பழகியது. பங்க் இசை பிறப்பதற்கு எவ்வளவோ முன்பே இங்கே இருந்தது. அந்தக் கலைஞர்களை உட்காரவைத்து ஒரு பத்து நிமிடம் பேசவிட்டிருந்தால் படம் வேறு உயரத்துக்குப் போயிருக்கும்.

மேளக்காரர்களை விட்டுவிடும் இந்தப் பழக்கம் லண்டனில் தொடங்கவில்லை. புதுச்சேரி ரோமன் ரோலண்ட் நூலகத்தில் ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பைப் பல மாதம் புரட்டியிருக்கிறேன். 1736 முதல் 1761 வரை இந்த ஊரில் நடந்ததை எழுதிவைத்த மகா மனிதர். யாருக்கு எத்தனை பீரங்கி முழங்கியது என்று எண்ணி எழுதுவார். தமுக்கடித்து அறிவித்த கட்டளைகளையும் எழுதுவார். தமுக்கடித்தவன் பெயர் நான் படித்த பக்கங்களில் இல்லை. 1745-ல் சம்பா கோயில் என்னும் தேவாலயத்துக்குள் பறையர் கிறிஸ்தவர்களைத் தனியே பிரித்து நின்ற சுவரைப் பற்றியும் எழுதியிருக்கிறார். பெயர் விட்டுப்போனதற்குக் காரணம் அந்தச் சுவர்தான் என்று நினைக்கிறேன். தோலைத் தொட்டு மேளம் கட்டியவர்கள், சாவுக்கு அடித்தவர்கள், சுவருக்கு அந்தப் பக்கம் நிறுத்தப்பட்டவர்கள்.

இன்றும் அதே கதைதான். வீராம்பட்டினம் செங்கழுநீர் அம்மன் தேருக்கு அன்று பிரெஞ்சு கவர்னர் வடம் பிடித்தார்; இன்று துணைநிலை ஆளுநர் பிடிக்கிறார். மறுநாள் செய்தித்தாளில் அவர் படம் இருக்கும். தேருக்கு முன்னால் வெயிலில் மூன்று மணி நேரம் அடித்தவர் படம் இருக்காது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கோயிலின் குடமுழுக்கு மலருக்குக் கட்டுரை கேட்டார்கள். மேளம் அடித்த ஏழு பேரின் பெயரையும் ஊரையும் கேட்டு எழுதிக்கொடுத்தேன். அச்சில் வந்தபோது அந்த ஒரு பத்தி மட்டும் இல்லை. இடம் போதவில்லை என்றார்கள். நன்கொடையாளர் பட்டியல் நான்கு பக்கம் வந்திருந்தது.

அடுத்த மாசி மகத்துக்கு வைத்திக்குப்பம் வருவீர்கள். கையில் செல்போன் இருக்கும். சாமி வரும்போது படம்பிடிப்பீர்கள். பம்பை ஓய்ந்து பம்பைக்காரர் தண்ணீர் குடிக்கும் நேரத்தில் பக்கத்தில் போய், “அண்ணே, உங்க பேரு என்ன, எந்த ஊரு?” என்று கேளுங்கள். அவர் சொல்வதையும் அதே படத்தில் பதிந்துகொள்ளுங்கள்.