வழிநடைப் பாத்தியம்

நம்மவர் குடும்பங்களிற் பங்காளிகளைப் பகைவராக்கும் காரணங்களுள் தோட்டவழி வழக்கும் ஒன்றாம். ஓராள் நடந்து செல்லும் ஒற்றையடிப் பாதை இரண்டு தலைமுறைச் செல்வத்தை விழுங்கிவிடுதலைக் கண்கூடாகக் காண்கின்றோம். ஆதலின், இதன் வரலாற்றை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

சோழர் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுக்களில், நிலத்தைக் குறிக்குங்கால் இன்ன வதிக்குக் கிழக்கு, இன்ன வாய்க்காலுக்கு வடக்கு, இத்தனையாங் கண்ணாறு, இத்தனையாஞ் சதிரம் என்று வரையறுத்தனர். வதி என்பது வழி. வதிக்கும் வாய்க்காலுக்கும் தனித்தனிப் பெயருமிட்டனர். நிலத்தின் அடையாளத்தோடு வழியும் நீரும் சேர்த்தே எழுதப்பட்டன என்பது இதனாற் புலனாகும்.

பிற்காலத்தில் தோட்டங்கள் பாகப்பிரிவினையாற் சிறு துண்டுகளாயின. தெருவை அடுத்த முன்பங்கு மூத்தவனுக்கும், கிணற்றை அடுத்த பின்பங்கு இளையவனுக்கும் வந்தன. “அண்ணன் தம்பிக்குள் வழியை எழுதுவதா?” என்று நாணிப் பத்திரத்தில் எழுதாது விட்டனர். அவர் மக்கள் காலத்தில் வேலி எழுந்தது, வழக்கும் எழுந்தது.

இத்தகைய வழக்குக்களைத் தீர்க்க 1882 ஆம் ஆண்டு ஐந்தாம் சட்டமாகிய இந்திய ஈஸ்மெண்டுச் சட்டம் பிறந்தது. முதலில் சென்னை மாகாணம், மத்திய மாகாணங்கள், குடகு ஆகியவற்றில் அவ்வாண்டு ஜூலை மாதம் 1ந் தேதி முதல் அமலுக்கு வந்தது. வேறு வழியில்லாத பங்கிற்கு மற்றப் பங்கின் வழியே செல்லும் அவசியப் பாத்தியத்தை அதன் 13 ஆம் பிரிவு அளிக்கின்றது. அவசியம் நீங்கின் அப்பாத்தியமும் நீங்கும் என்பது 41 ஆம் பிரிவு. 15 ஆம் பிரிவோ, சமாதானமாகவும் வெளிப்படையாகவும் உரிமையாகவும் இடையறாது 20 ஆண்டு நடந்து வந்தவனுக்கு அவ்வழியிற் பாத்தியம் உண்டென்கின்றது. அவ்விருபது ஆண்டும் வழக்குத் தொடுப்பதற்கு முன் இரண்டாண்டிற்குள் முடிந்திருத்தல் வேண்டும்.

இங்கு “உரிமையாக” என்னும் ஒரு சொல்லே வழக்கிற்கெல்லாம் வித்து. அனுமதி பெற்று நடந்தவன் நாற்பதாண்டு நடப்பினும் அந்நடையாற் பாத்தியம் பெறான். எனவே முன்பங்கினன், “யான் இரங்கி விட்ட வழி” என்பான். பின்பங்கினன், “என் பாட்டன் நடந்த வழி” என்பான். இரண்டற்கும் ஏடு இல்லை. முதியோர் வாய்ச்சொல்லே சான்று. அம்முதியோரும் இறந்துபடின் யாது செய்வது?

எம் ஊரில் மூன்றடி அகலமுள்ள தென்னந்தோப்பு வழிக்காக ஒன்றுவிட்ட சகோதரர் இருவர் பல்லாண்டு வழக்காடினர். தோப்பின் வருவாயெல்லாம் நீதிமன்றச் செலவிற்கே சென்றது. இறுதியில் ஊர்ப் பெரியோர் முன் ஒருநாளில் ஒத்துக்கொண்டனர். ஆயின், ஒருவர் வீட்டுச் சாவிற்கு மற்றவர் செல்லாத ஆண்டுகளை யாவர் மீட்டுத் தருவார்?

ஆகலின் நம் குலத்தீர், பாகப்பத்திரம் எழுதுங்கால் செக்குபந்தியோடு வழி எத்திசையது, எத்தனையடி அகலம், நடைக்கோ வண்டிக்கோ, கிணற்றுக்கு யார் யார் செல்லலாம் என்பவற்றையும் எழுதிப் பதிவு செய்க. வழியை எழுதுதல் அன்பிற்கு இழுக்கன்று; அன்பிற்கு இடும் வேலியே அது.